மெம்பிரேனுக்கு முன்னால் திரட்டி மருந்து: துவாஸ் ஆலை ஒன்றில் பயன்படுத்திப் பார்த்த சேவை பற்றிய மதிப்பீடு

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் உள்ள ஓர் உற்பத்தி ஆலையில் நீர் மறுபயன்பாட்டுப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். நீரை மிக நுண்ணிய துளைகள் வழியாக வடிகட்டும் எங்கள் அல்ட்ராஃபில்ட்ரேஷன் (யுஎஃப்) மெம்பிரேன்களுக்கு முன்னால், நுண்துகள்களை ஒன்றுதிரளச் செய்யும் திரட்டி மருந்தைச் செலுத்தும் கருவித்தொகுதி, மருந்து விநியோகம், மாதந்தோறும் சோதனை, அறிக்கை ஆகிய அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் தரும் சேவை ஒன்றை எடுத்தோம். அதன்பின் ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலமும் அதை அடுத்து வந்த மழை குறைந்த மாதங்களும் கடந்துவிட்டதால், இப்போது அதைப் பற்றிப் பொறுப்போடு எழுத முடிகிறது. இத்தகைய சேவையை வழங்கும் நிறுவனங்கள் சிங்கப்பூரில் பல இருக்கின்றன. எங்களுக்கு வழங்கிய நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெம்பிரேன் அடைப்பால் அவதிப்படும் ஆலைக்கு இந்தச் சேவை வாங்கத் தகுந்ததுதான். ஆனால் விற்பனைக்கு வருபவர்கள் காட்டும் தெளிந்த தண்ணீர்க் குடுவையை வைத்து அதை மதிப்பிடக் கூடாது. நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவும் ஒவ்வொரு பேக்வாஷுக்கும் பிறகு மெம்பிரேனில் எஞ்சி நிற்கும் அழுத்தத்தை வைத்தே மதிப்பிட வேண்டும்.

எங்கள் ஆலையில் உயிரியல் முறையில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரும், கூரைகளிலிருந்து குளத்தில் சேரும் மழைநீரும் கலந்து, முதலில் யுஎஃப் மெம்பிரேன் வழியாகவும் பிறகு கரைந்த உப்புகளையும் நீக்கும் ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடுபரவல்) மெம்பிரேன் வழியாகவும் சென்று, குளிரூட்டும் கோபுரத்துக்கும் கழுவும் பகுதிக்கும் திரும்புகின்றன. 2024 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலும் இரண்டு கட்டங்களாகக் குடிநீர்க் கட்டணம் கன மீட்டருக்கு மொத்தம் 50 காசு உயர்ந்த பிறகு, இந்தச் சுழற்சி ஒரு நாள் நின்றாலும் நிர்வாகம் கேள்வி கேட்கிறது. அது நின்றதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருந்தது. யுஎஃப் அடைத்துக்கொள்ளும்.

அடைப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்ப்பது இந்த மதிப்பீட்டுக்கு அவசியம். எங்களுடைய மெம்பிரேன் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக்கால் ஆன, உள்ளே குழல்போல் வெற்றிடம் உள்ள இழைகள் கொண்டது. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே செல்கிறது. இத்தகைய யுஎஃப் இழைகளின் துளைகள் பொதுவாக 0.01 முதல் 0.1 மைக்ரான் வரை இருக்கும். துளையைவிடப் பெரிய துகள்கள் இழையின் மேற்பரப்பில் படலமாகப் படிகின்றன. அவற்றை அரை மணி நேரத்துக்கு ஒரு முறை நடக்கும் பேக்வாஷ் உதறிவிடும். துளையின் அளவுக்கு நெருங்கிய கூழ்மத் துகள்களும், நுண்ணுயிரிகள் வெளியிடும் பாலிசாக்கரைடு, புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளும் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அவை துளையின் வாயில் சிக்கியோ, உட்சுவரில் ஒட்டியோ தங்கிவிடுகின்றன. பேக்வாஷ் அவற்றை அசைப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக எஞ்சும் இந்த அடைப்புதான் சில வாரங்களில் டிஎம்பி எனப்படும் மெம்பிரேன் குறுக்கழுத்தத்தை எச்சரிக்கை அளவுக்கு உயர்த்தி, ஆலையை நிறுத்தி, சிஐபி எனப்படும் இரசாயனக் கழுவலைச் செய்யவேண்டிய நிலைக்குக் கொண்டுவருகிறது. மழைக்காலத்தில் குளத்து நீரில் மட்கிய இலைகளின் ஹியூமிக் பொருள்களும் நுண்மண்ணும் சேரும்போது இது இன்னும் விரைவாக நடந்தது.

திரட்டி மருந்து இங்கே செய்யும் வேலையை நம் ஊர்க் கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கலங்கிய தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து விட்டால் கலங்கல் திரண்டு அடியில் இறங்குவதைப் போன்றதே இதுவும். நீரில் உள்ள கூழ்மத் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. அலுமினியம் அல்லது இரும்பின் உப்பைச் சேர்த்தால், அது நீரோடு வினைபுரிந்து உருவாகும் நேர்மின்னூட்டம் கொண்ட நீராற்பகு விளைபொருள்கள் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்கின்றன. அளவு கூடும்போது உருவாகும் ஹைட்ராக்சைடு திரள் மற்றவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. மெம்பிரேனைப் பொறுத்தவரை இதில் இரண்டு நன்மைகள் உண்டு. துளைக்குள் நுழையக்கூடிய பொருள்கள் துளையைவிடப் பல மடங்கு பெரிய திரள்களாக மாறி வெளியே நின்றுவிடுகின்றன. மேலும், வெளியே படியும் படலத்தின் துகள் பெரிதாக இருந்தால் அதன் எதிர்ப்பும் குறைகிறது. படலத்தின் எதிர்ப்பு துகள் விட்டத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்பதால், துகள்களுக்கு இடையிலான காலியிடத்தின் விகிதம் மாறாதிருக்க, துகள் இருமடங்கு பெரிதானால் எதிர்ப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

இனி பொருளுக்கு வருகிறேன். கருவித்தொகுதி நேர்த்தியாகவே வந்து சேர்ந்தது. மருந்துத் தொட்டி, கசிவு ஏந்தும் தளத்தொட்டி, ஒன்று பழுதானால் மற்றொன்று ஓடும் இரண்டு டயஃபிராம் பம்புகள், நீரோட்ட மீட்டரோடு இணைந்து மருந்தளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு, குழாயினுள் பொருத்தப்படும் ஸ்டேட்டிக் மிக்ஸர் ஆகியவை அதில் அடங்கும். தனியாகப் படிவுத்தொட்டி கிடையாது. மருந்து கலந்த நீர் குழாயிலும் சிறிய இடைத்தொட்டியிலும் சில நிமிடங்கள் மட்டுமே இருந்துவிட்டு நேராக மெம்பிரேனுக்குப் போய்விடும். இடம் என்பதே செலவாக இருக்கும் சிங்கப்பூரில், படிவுத்தொட்டி கட்ட நிலம் தேடாமல் இந்த அமைப்பைப் பொருத்த முடிவது பெரிய நன்மை. பொருத்துவதற்கு வந்த குழுவினரின் வேலையிலும் ஒழுங்கிலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை மருந்தளவை முடிவு செய்த முறையில் இருந்தது. நிறுவனத்தின் பொறியாளர் ஆறு குடுவைகள் கொண்ட கிளறியைக் கொண்டுவந்து, வழக்கமான ஜார் டெஸ்ட் செய்தார்: ஒரு நிமிடம் வேகமாகக் கிளறல், கால் மணி நேரத்துக்கு மேல் மெதுவாகக் கிளறல், பிறகு அரை மணி நேரம் அசையாமல் வைத்தல். கடைசிக் குடுவைகளில் பெரிய பஞ்சுத் திரள்கள் அடியில் இறங்கி மேல்நீர் கண்ணாடிபோல் நின்றது. அதில் ஒரு குடுவையைத் தூக்கிக் காட்டி, "சார், தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க, இதுதான் டோஸ்" என்றார். எங்கள் ஷிஃப்டில் மூத்தவரான ஆபரேட்டர் அண்ணன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, நம்ம ஃபைபருக்கு முன்னால செட்லிங் டேங்கே கிடையாதே, இது எங்க போயி அடியில படியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று பதில் வரவில்லை.

அந்தக் கேள்வியில்தான் இந்தச் சேவையின் முழு மதிப்பும் அடங்கியிருக்கிறது. படிவுத்தொட்டி உள்ள ஆலைக்குத் திரள் கனமாகவும் பெரிதாகவும் இருந்து சீக்கிரம் இறங்க வேண்டும். அதற்கு மருந்து அதிகம் வேண்டும், மெதுவான கிளறலுக்கு நேரமும் வேண்டும். மெம்பிரேனுக்கு அது தேவையில்லை. கண்ணுக்கு ஊசிமுனை அளவில் தெரியும் திரளே போதும், அது துளைக்குள் நுழையாமலும், படலமாகப் படியும்போது நெருங்கி இறுகாமலும் இருந்தால் சரி. அதனால் மெம்பிரேனுக்கு முன்னால் தேவைப்படும் மருந்தளவு, படிய வைப்பதற்குத் தேவைப்படும் அளவைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதேநேரம் அளவுக்கு மீறிக் குறைப்பதிலும் ஆபத்து உண்டு. மருந்து போதாமல் அரைகுறையாகத் திரண்ட துகள்கள் துளையின் அளவுக்கே வந்து நின்றால், மருந்தே போடாத நாளைவிட அடைப்பு மோசமாகிவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவிலுள்ள சரியான அளவை, படிந்த மேல்நீரின் கலங்கலை மட்டும் அளந்து கண்டுபிடிக்கவே முடியாது.

நாங்கள் வற்புறுத்திய பிறகு நிறுவனம் சோதனை முறையை மாற்றிக்கொண்டது. அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். வேகக் கிளறலுக்குப் பின், குழாயிலும் இடைத்தொட்டியிலும் நீர் உண்மையில் தங்கும் நேரம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் மெதுவாகக் கிளறி, படிய விடாமல் அப்படியே ஒரு சிறிய சோதனை மெம்பிரேன் வழியாக ஒரே அழுத்தத்தில் செலுத்தி, நீரோட்டம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்தோம்; பிறகு அதைத் திருப்பிக் கழுவி, எவ்வளவு மீள்கிறது என்றும் பார்த்தோம். குடுவையில் மிக அழகாகத் தெரிந்த அளவு இதில் முதலிடம் பெறவில்லை. அதைவிடக் குறைவான, மேல்நீரில் இன்னும் மெல்லிய மங்கல் தெரிந்த அளவில்தான் கழுவிய பின் மீட்சி நன்றாக இருந்தது. வடிகட்டிய நீரின் யுவி 254 உறிஞ்சலையும், அதாவது 254 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா ஒளியை நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதையும், அளந்தார்கள். அது ஹியூமிக் வகைப் பொருள்கள் குறைவதை நன்றாகக் காட்டும். ஆனால் யுஎஃப் இழைகளில் விடாப்பிடியாக ஒட்டும் பாலிசாக்கரைடுகள் அந்த ஒளியை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. ஆகவே யுவி 254 குறைந்துவிட்டது என்ற ஒரே வரியை ஆதாரமாகக் காட்டும் அறிக்கையை ஏற்க வேண்டாம் என்று இதே சேவையை வாங்க நினைக்கும் ஆலைகளுக்குச் சொல்வேன்.

மருந்தளவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "20 பிபிஎம்" என்று விலைப்பட்டியலில் எழுதியிருப்பது எதனுடைய அளவு என்று கேளுங்கள். திரட்டி மருந்துகளில் ஒன்றான பாலி அலுமினியம் குளோரைடு திரவமாக வரும்போது பொதுவாக 10 விழுக்காடு அலுமினியம் ஆக்சைடும், தூளாக வரும்போது ஏறத்தாழ 30 விழுக்காடும் கொண்டிருக்கும். ஆக்சைடின் எடையில் அலுமினியம் சுமார் 53 விழுக்காடு. ஆகவே 20 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 20 மில்லிகிராம், என்பது அந்தத் திரவத்தில் சுமார் 1.06 மில்லிகிராம் அலுமினியத்தையும், அந்தத் தூளில் சுமார் 3.2 மில்லிகிராம் அலுமினியத்தையும் குறிக்கும். ஒரே எண், மூன்று மடங்கு வேறுபாடு. கிலோவுக்கு இத்தனை வெள்ளி என்று ஒப்பிடுவது இதனால் பொருளற்றதாகிவிடுகிறது. ஒரு கிலோ அலுமினியத்துக்கு, அல்லது ஒரு கிலோ இரும்புக்கு, எத்தனை வெள்ளி என்றே ஒப்பிட வேண்டும். எங்களுக்கு வந்த முதல் விலைப்பட்டியலில் இந்த விவரம் இல்லை; கேட்ட பிறகு தந்தார்கள்.

படிகாரம், ஃபெரிக் குளோரைடு, பாலி அலுமினியம் குளோரைடு ஆகிய மூன்றில் நிறுவனம் கடைசியைப் பரிந்துரைத்ததும் அதற்குச் சொன்ன காரணமும் சரியானவை. எங்கள் உயிரியல் தொட்டியில் அமோனியா நைட்ரேட்டாக மாறும்போது, ஒவ்வொரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கும் கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7.1 மில்லிகிராம் காரத்தன்மை (அமிலத்தைச் சமன் செய்யும் திறன்) செலவாகிறது. மழைநீரில் காரத்தன்மை இயல்பாகவே மிகக் குறைவு. மிச்சமிருக்கும் கொஞ்சத்திலும் ஒவ்வொரு மில்லிகிராம் படிகாரம் அரை மில்லிகிராமை எடுத்துக்கொண்டால் பிஎச் சரிந்துவிடும்; பிறகு அதை உயர்த்தக் காஸ்டிக் சோடா செலுத்த வேண்டும். பாலி அலுமினியம் குளோரைடு ஏற்கனவே பகுதி நீராற்பகுப்பு அடைந்த நிலையில் வருவதால் அவ்வளவு காரத்தன்மையைக் கேட்பதில்லை. இதை எங்கள் நீரின் ஆய்வறிக்கையை முன்னால் வைத்து அவர்கள் விளக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் அதே கூட்டத்தில், திரள் இன்னும் பெரிதாக வேண்டுமானால் நேர்மின்னூட்டம் கொண்ட கேஷனிக் பாலிமரையும் சிறிது சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை உடனே மறுத்தோம். படிவுத்தொட்டிக்கு நல்லதாக இருக்கும் அந்தப் பாலிமர், கொஞ்சம் மிஞ்சினாலும் எதிர்மின்னூட்டம் கொண்ட மெம்பிரேன் பரப்பில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். அதைச் சிஐபி கூட முழுமையாக அகற்றும் என்று உறுதி சொல்ல முடியாது. மெம்பிரேன் தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தப் பாலிமரையும் குழாய்க்குள் விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், உத்தரவாதமே ரத்தாகக்கூடும்.

பலன் எப்படி என்றால், அதை முதலில் பார்த்தது எண்களில் அல்ல, பேக்வாஷ் வடிகாலில். முன்பு பேக்வாஷ் நீர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி வெளிறிய தேநீர் நிறத்தில் வடிந்துகொண்டிருக்கும். எது கழன்றது, எது ஒட்டியிருக்கிறது என்றே தெரியாது. மருந்தளவு சரியாக அமைந்த பிறகு, வால்வு திறந்த முதல் சில விநாடிகளில் பழுப்பு நிறச் செதில்கள் கொத்தாக வந்து விழுந்து, அதன்பின் நீர் சட்டென்று தெளிந்துவிடுகிறது. படலம் இழையை விட்டு முழுதாகக் கழன்று வருகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. டிஎம்பி பதிவுகளும் அதையே சொல்கின்றன: ஒரு சுற்றுக்குள் அழுத்தம் ஏறும் வேகம் குறைந்திருக்கிறது, அதைவிட முக்கியமாக, பேக்வாஷ் முடிந்த உடனே எடுக்கும் தொடக்க அழுத்தம் வாரக்கணக்கில் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கிறது. பருவமழையிலும் சிஐபிக்காக அவசரமாக ஆலையை நிறுத்த வேண்டி வரவில்லை.

சிஐபி குறைவதன் மதிப்பை வெள்ளிக் கணக்கில் மட்டும் பார்க்கக் கூடாது. அந்த வேலை பெரும்பாலும் இரவு ஷிஃப்டில்தான் விழும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் கையாண்டு, அதை முழுமையாக அலசி வெளியேற்றிய பிறகே சிட்ரிக் அமிலத்துக்கு மாற வேண்டும். இரண்டும் குழாயில் சந்தித்தால் குளோரின் வாயு வெளிவரும். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து இங்கே உழைக்கும் தம்பிகள் செய்யும் வேலை அது. அவர்கள் அதைச் செய்யவேண்டிய இரவுகள் குறைந்திருப்பதை இந்தச் சேவையின் முதல் பலனாகவே நான் எண்ணுகிறேன்.

குறைகளும் உண்டு. மருந்து குழாய்க்குள் நுழையும் ஊசிமுனையில், தண்ணீரோடு சேரும் அந்த இடத்திலேயே வெண்மையான ஹைட்ராக்சைடு படிந்து அடைத்துக்கொள்கிறது. பம்பு ஓடிக்கொண்டிருக்கும், திரையில் மருந்தளவு சரியாகத் தெரியும், ஆனால் மருந்து உள்ளே போயிருக்காது. தொட்டியின் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஒவ்வொரு ஷிஃப்டும் பார்த்து எழுதச் சொன்ன பிறகுதான் இது பிடிபட்டது. ஆலையை நிறுத்தாமல் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய ஊசிமுனையை முதலிலேயே தந்திருக்க வேண்டும். இரண்டாவது குறை, கட்டுப்பாடு நீரோட்டத்தின் அளவை மட்டும் பின்தொடர்கிறது, நீரின் தன்மையை அல்ல. அதிகாலையில் சுமத்ரா சூறாவளி மழை கொட்டிவிட்டுப் போனால் குளத்து நீர் ஒரு மணி நேரத்தில் மாறிவிடும், மருந்தளவு மாறாது. இப்போது எங்கள் ஆபரேட்டர்கள் கலங்கல் மீட்டரைப் பார்த்துக் கையால் மாற்றுகிறார்கள். மாதாந்தர அறிக்கையில் சராசரிகளை மட்டும் போடுவதும் உதவாது. மெம்பிரேனைக் கெடுப்பது சராசரி நாள் இல்லை, அந்த மழை நாள்தான்.

எங்களைப்போல் யுஎஃப்பைத் தொடர்ந்து ஆர்ஓ வைத்திருப்பவர்கள் எஞ்சும் அலுமினியத்தைக் கட்டாயம் அளக்க வேண்டும். அலுமினியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பிஎச் 6 முதல் 6.5 வரையிலான பகுதியில் மிகக் குறைவு. பிஎச் 8 பக்கம் போனால் கரைந்த நிலையிலேயே யுஎஃப்பைத் தாண்டி, ஆர்ஓவில் உப்பு செறிந்து வெளியேறும் செறிநீர்ப் பகுதியில் சிலிக்காவோடு சேர்ந்து எளிதில் நீங்காத படிவாகிவிடும். யுஎஃப்பைக் காப்பாற்றி ஆர்ஓவைப் பலி கொடுப்பதில் பயனில்லை. இந்த அளவீடு அடிப்படை ஒப்பந்தத்தில் இல்லை. கூடுதல் கட்டணம் கொடுத்தே சேர்த்தோம். கசடும் சற்றுக் கூடும். ஒரு மில்லிகிராம் அலுமினியத்திலிருந்து சுமார் 2.9 மில்லிகிராம் ஹைட்ராக்சைடு உருவாகும் என்பதால், நாளுக்கு 1,000 கன மீட்டர் ஓடும் ஆலையில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அலுமினியம் போட்டால் உலர்ந்த எடையில் சுமார் 2.9 கிலோ கசடு கூடுதலாகச் சேரும். பேக்வாஷ் நீரைப் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடுவோர், மிதக்கும் திடப்பொருளுக்கான லிட்டருக்கு 400 மில்லிகிராம் வரம்பையும் 6 முதல் 9 வரையிலான பிஎச் வரம்பையும் நினைவில் வைத்துக் கணக்கிட வேண்டும்.

தேசிய நீர் அமைப்பான பியுபியின் பெரிய ஆலைகளைக் காட்டி, அங்கே இருப்பதுதான் இங்கேயும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அந்த ஆலைகளைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. சுவா சூ காங்கில் செராமிக் மெம்பிரேன்கள் இயங்குகின்றன. 2021 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கெப்பல் மரினா ஈஸ்ட் ஆலை, கடல்நீரையும் மரினா நீர்த்தேக்கத்தின் நீரையும் மாறி மாறிச் சுத்திகரித்து நாளுக்கு சுமார் 137,000 கன மீட்டர் நீர் தரக்கூடியது. ஆனால் ஒவ்வொரு நீருக்கும் மருந்து வேறு. கடல்நீரின் பிஎச் 8ஐ ஒட்டி இருப்பதால் அங்கே அலுமினியம் கரைந்து தங்கும். அதனால் கடல்நீருக்குப் பொதுவாக ஃபெரிக் குளோரைடையே நாடுகிறார்கள். செராமிக் தாங்கும் கடுமையான கழுவலை எங்கள் பாலிமர் இழைகள் தாங்கா. வேறோர் ஆலையின் மருந்தளவை எழுதி எடுத்துவந்து உங்கள் குழாயில் போட முடியாது.

யாருக்கு இந்தச் சேவை பொருந்தும் என்றால், மழைநீர், குளத்துநீர், உயிரியல் சுத்திகரிப்பு முடிந்த நீர் ஆகியவற்றை யுஎஃப்புக்கு அனுப்புபவர்களுக்கும், பேக்வாஷுக்குப் பின் எடுக்கும் தொடக்க அழுத்தம் வாரந்தோறும் ஏறிக்கொண்டே போவதைப் பதிவில் காண்பவர்களுக்கும் பொருந்தும். எண்ணெய், சிலிக்கோன், கரைந்த உப்புகளின் படிவு ஆகியவற்றால் அடைப்பு ஏற்படுகிறவர்கள் முதலில் இழை ஒன்றை வெட்டி ஆய்வுக்கு அனுப்பி, மேலே படிந்திருப்பது என்ன என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்; அவற்றுக்குத் திரட்டி மருந்து தீர்வாகாமல் போகலாம்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சம்மதித்திருக்கிறோம், மூன்று திருத்தங்களோடு. மருந்தளவு எல்லா ஆவணங்களிலும் அலுமினியமாகவே குறிக்கப்பட வேண்டும். ஆர்ஓவுக்குள் செல்லும் நீரின் அலுமினிய அளவீடு அடிப்படைக் கட்டணத்துக்குள் வர வேண்டும். மாதாந்தர அறிக்கையின் முதல் பக்கத்தில், ஒவ்வொரு பேக்வாஷுக்கும் பிந்தைய டிஎம்பி, வெப்பநிலைக்கும் நீரோட்டத்துக்கும் திருத்தப்பட்டு, மழை பெய்த நாள்கள் குறிக்கப்பட்ட வரைபடமாக இருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் நிறுவனம் ஒப்புக்கொண்டுவிட்டது. மூன்றாவதற்கு மாதிரி வரைபடம் ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள், அதில் மழை நாள்களைச் சேர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.